இடது மூலைச் சந்தனம்

கடவுச்சொல் தவறு என்று கணினி சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. விஜயதசமி காலை, மணி ஆறே முக்கால். மறுபூசை முடித்து, கற்பூரம் காட்டி, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்த சாமான்களில் என் மடிக்கணினியை மட்டும் முதல் ஆளாக எடுத்து, பொட்டுகளைத் துடைத்து, கூடத்து மேசையில் வைத்திருந்தேன். இயக்கியதும், வழக்கமில்லாமல், கறுப்புத் திரையில் நாலைந்து வரி ஆங்கிலம் வந்து நின்றது. அதைப் படிக்காமலே என்டரைத் தட்டினேன், போய்விட்டது. பிறகு என் பெயர் வந்தது, கடவுச்சொல் கேட்டது, அடித்தேன், தவறு என்றது. தூக்கக் கலக்கத்தில் விரல் வழுக்கியிருக்கும் என்று மறுபடி அடித்தேன். தவறு. மூன்றாவது தடவை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தேன். புள்ளிகள் எண்ணிக்கை குறையாமல் விழுந்தன. அதற்கும் தவறு என்றது. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் நான் ஒரு வேலையை அனுப்பியாக வேண்டும். சென்னையில் இருக்கும் ஓர் ஆய்வுக் குழுவுக்கு ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருகிற வேலை. எங்கள் ஆலங்குடிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகிற பதினொரு பெண்களிடம் பேசிப் பதிவு செய்திருந்தார்கள். ஒருத்திக்கு ஒரு நாள் என்று பதினொரு நாள் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவர்கள் சொன்னதை, சிரித்ததை, பாதியில் நிறுத்தியதை எல்லாம் அப்படியே தட்டச்சு செய்திருந்தேன். அது வெள்ளோட்டம். ஒழுங்காகவும் நேரத்துக்கும் கொடுத்தால் தொடர்ந்து வேலை தருவார்கள். நாத்தனார் மகளின் காதுகுத்துக்காக ஏற்கெனவே இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கியிருந்தேன். இதற்கு மேல் முடியாது, இது வேறு நாட்டுக்குப் போக வேண்டிய அறிக்கை என்று அந்தக் குழுவை நடத்துகிற அம்மா மரியாதையாக எழுதியிருந்தார். பேசியவர்களின் சொந்த விஷயம் என்பதால் வேறு எங்கும் பிரதி எடுத்து வைக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. நானும் விதியைக் காப்பாற்றினேன். ஆகவே பதினொரு நாள் உழைப்பும் அந்த ஒரே பெட்டிக்குள் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஆலங்குடியில் ஒரு தட்டச்சு நிலையத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருடம் கழித்து, எனக்கே எனக்கு என்று வந்த முதல் வேலை இது. அது கையை விட்டுப் போனால் இன்னொன்று வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிற வயதும் எனக்கு இல்லை.

மடிக்கணினி என் தம்பி பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கணினிகளைப் பராமரிக்கிற வேலை அவனுக்கு. வைரஸ் வராது என்று சொல்லி லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். பிடித்துப்போயிற்று. ஆனால் கம்பெனிக் கணினிகளுக்குச் செய்கிற பாதுகாப்பை எல்லாம் அக்காவின் பெட்டிக்கும் செய்து வைத்திருந்தான் என்பது அன்று காலைதான் தெரிந்தது. எங்கள் வீட்டில் முன்வாசல் ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே நின்று அவனைக் கூப்பிட்டேன்.

"என்னக்கா, காலங்காத்தால?"

"பாஸ்வேர்டு தப்புங்குதுடா."

"எத்தன தடவ போட்ட?"

"ஏழெட்டு இருக்கும்."

"ஐயையோ. மூணு தடவ தப்பாப் போட்டா பூட்டிக்கிரும்க்கா. அப்பறம் பத்து நிமிசத்துக்கு நீ சரியாவே போட்டாலும் தப்புன்னுதான் சொல்லும்."

"பூட்டிக்கிச்சுன்னு வாயத் தொறந்து சொல்லாதா அது?"

"சொல்லாது. திருட வாரவனுக்கு எதுக்குச் சொல்லணும்?"

"நானாடா திருட வந்தேன்?"

அவன் சிரித்தான். எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னான். இருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் இருப்பது எவ்வளவு நேரம் என்று அன்று அறிந்தேன். பதினொன்றாவது நிமிடம் அடித்தேன். தவறு. பூட்டு இன்னும் திறக்காததால் தவறா, நான் அடித்ததே தவறா என்று கண்டுபிடிக்க வழியில்லை. 

தம்பி ஒவ்வொன்றாகக் கேட்டான். கீபோர்டு தமிழில் இருக்கிறதா? இல்லை, மேல் மூலையில் ஆங்கிலம் என்றுதான் காட்டியது. கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா? எரியவில்லை. சரி, என்ன அடிக்கிறாய், ஓர் எழுத்து விடாமல் சொல் என்றான். நான் ஜன்னலோரம் நின்று, இரைச்சலில் அவனுக்குக் கேட்க வேண்டுமே என்று, பி, ஏ, வி என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். பாவக்காய். அதோடு எங்கள் பழைய பைக்கின் நாலு எண். என் வீட்டுக்காரருக்கு ஆகவே ஆகாத காய் அது. தட்டில் அதன் வாசனை பட்டால்கூட முகத்தைச் சுளிப்பார். அவர் நினைவுக்கே வராத வார்த்தையாக இருக்கட்டும் என்றுதான் அதை வைத்திருந்தேன்.

"எல்லாம் சரியாத்தான இருக்கு," என்றான் தம்பி. கொஞ்சம் யோசித்தான். "வேற யாருக்காச்சும் இது தெரியுமாக்கா? யாராச்சும் மாத்தி இருப்பாங்களா?"

இந்தக் கேள்வியை அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டது.

தெரியும். ஒருவருக்குத் தெரியும். இந்த வேலை தொடங்கிய புதிதில் நான் இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது கணினித் திரை தானாகப் பூட்டிக்கொண்டது. உள்ளே ஒலிப்பதிவு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மாவுக் கையோடு அடுப்படியிலிருந்தே கடவுச்சொல்லைக் கத்தி, "அதப் போட்டு அந்தச் சத்தத்த நிப்பாட்டுங்க" என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்து நிறுத்தினார். "பாவக்காயா? வேற பேரே கெடைக்கலயா ஒனக்கு?" என்று கேட்டார். அன்றைக்கு இருவரும் சிரித்தோம்.

அவர் பம்புசெட்டு மெக்கானிக். ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் இறக்குவது, ஏற்றுவது, மோட்டாருக்குள் கம்பிச் சுருள் கட்டுவது எல்லாம் அவர் வேலை. ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் வரைக்கும் தென்னந்தோப்புக்காரர்கள் பாதிப் பேர் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்னால், நான் காதில் மாட்டிக்கொண்டு இருந்தபோது மூன்று தடவை கூப்பிட்டும் கேட்காமல் போய், பக்கத்தில் வந்து நின்று சொன்னார்: "இந்த வேல நமக்குத் தேவையா?"  அந்த 'நமக்கு' எனக்குப் பிடிக்கவில்லை.

அதோடு, முந்தின நாள் மாலை ஒன்றைப் பார்த்திருந்தேன். சரஸ்வதி பூசையன்று அவருடைய ஸ்பேனர்கள், டெஸ்டர், மல்டிமீட்டர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சாமிக்கு முன்னால் வரிசையாக வைப்பது எங்கள் வழக்கம். எல்லாவற்றுக்கும் ஒரு சின்னப் பொட்டு. அந்த வருடம் என் கணினியும் அந்த வரிசையில் சேர்ந்தது. அதற்கு நான் தனியாகச் சந்தனம் குழைத்தேன், பன்னீர் விட்டு. மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்தால் எனக்குப் போதவில்லை. வேலை நடக்கிற இடம் உள்ளேதானே என்று திறந்து வைத்து, புது நோட்டுக்கு மஞ்சள் தடவுகிற மாதிரி, எழுத்துக் கட்டைகளின் நான்கு மூலைக்கும் தாராளமாகச் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தேன். இந்த வேலை நிலைக்க வேண்டும் என்று மனசாரக் கும்பிட்டேன். பூசையில் வைத்ததை மறுநாள் மறுபூசை முடிகிறவரை தொடக் கூடாது. இது அவருக்கும் தெரியும். ஆனால் விளக்கு வைக்கிற நேரத்தில் நான் கொல்லையிலிருந்து வந்தபோது அவர் அந்தப் பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன்மேல் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"தம்பி, மாத்தியிருந்தா என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"புதுசு போட்டுறலாம்க்கா, அஞ்சு நிமிச வேல. ஆனா..." அவன் இழுத்தான். "ஒன்னோட ஃபோல்டரத் தனியாப் பூட்டி வச்சிருக்கேன். அதுக்குப் பழைய பாஸ்வேர்டுதான் சாவி. வெளியிலருந்து புதுசு போட்டா கம்ப்யூட்டர் தொறந்துரும், ஒன்னோட ஃபைல் ஒண்ணுகூடத் தொறக்காது. அப்பவே ஒரு நீளமான கோடு நம்பர் சொல்லி எழுதி வையின்னேன்ல? அது இருந்தாத் தொறக்கலாம்."

எழுதி வைத்திருந்தேன். கையில் கிடைத்த ஒரு கவரின் உள்பக்கத்தில். அந்தக் கவரை ஆவணியில் ஏதோ ஒரு கல்யாணத்தில் அன்பளிப்பு வைத்துக் கொடுத்துவிட்டேன் என்பது நின்ற இடத்திலேயே நினைவுக்கு வந்தது. அந்த மாதம் மட்டும் ஆறு கல்யாணம். தம்பியிடம் அதைச் சொல்லவில்லை, தொலைந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவனுக்கு ஒன்பது மணிக்கு ஒரு மீட்டிங், பத்து மணிக்கு மேல் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான்.

மணி எட்டரை. அவர் முன்பக்கத்து ஷெட்டில் ஸ்பேனர்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். விஜயதசமிக்கு முதல் வேலை நல்ல நேரத்தில் தொடங்க வேண்டும் என்று ஒரு தோப்புக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். நான் போய் எதிரே நின்றேன்.

"நேத்து என் பொட்டியத் தொட்டீங்களா?"

கை நின்றது. "இல்லயே."

அந்த 'இல்லயே'தான் என்னைக் கெடுத்தது. தொட்டேன் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பேன். பொய் சொன்னதும் எனக்கு எல்லாமே உறுதியாகிவிட்டது.

"நான் என் கண்ணால பாத்தேன்."

"சரி, தொட்டேன். அதுக்கென்ன இப்ப?"

"பாஸ்வேர்ட மாத்துனீங்களா?"

அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இப்போது நினைத்தால் தெரிகிறது. அப்போது எனக்கு அது நடிப்பாகப் பட்டது. எனக்குக் கோபம் வந்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"நான் சம்பாரிக்கிறது ஒங்களுக்குப் பொறுக்கல. வேணாம்னு நேராச் சொல்ல வாய் வரல. களவாணி மாதிரி, சாமிக்கு முன்னாடி வச்சதுல போயி கைய வைக்கிறீங்க."

 அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பைக்குள் போட்டார், பையை வண்டியில் மாட்டினார். அடுப்படியில் இட்லி மூடி வைத்திருந்தேன். அதைச் சாப்பிடாமலே போய்விட்டார். நல்ல நாள் அதுவுமாக வெறும் வயிற்றோடு ஒருவரை அனுப்பினோமே என்று அப்போது எனக்குத் தோன்றக்கூட இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் ஓடுகிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் தனியாக இருந்த ஒன்றரை மணி நேரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். பாவக்காய்க்கு இரண்டு கே போட்டேனா, ஒன்றா? எண்ணை முன்னால் போட்டேனா? தினமும் விரல் தானாக அடிக்கிற ஒன்றை நிறுத்தி யோசித்தால் எல்லாமே சந்தேகமாகிறது. நாற்பத்தாறு வயதிலேயே மறதி வந்துவிட்டதோ என்று ஒரு பயம். இல்லை, அவர்தான் மாற்றினார் என்று மறு நிமிடம் கோபம். மாற்றியிருந்தால் எதை வைத்திருப்பார் என்று அவருக்குத் தெரிந்த வார்த்தைகளை எல்லாம் அடித்துப் பார்த்தேன். எங்கள் மகள் பெயர், குலசாமி பெயர், மோட்டார் கம்பெனி பெயர். எல்லாவற்றுக்கும் ஒரே பதில். மகளைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்றிருந்தது. அவள் பரீட்சை என்று லீவுக்குக்கூட வராமல் திருச்சி விடுதியில் தங்கிவிட்டாள். அப்பா இப்படிச் செய்துவிட்டார் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?

அந்த அம்மாவுக்கு ஒரு செய்தி எழுதத் தொடங்கினேன். கணினி பழுதாகிவிட்டது என்று எழுதிப் பார்த்தேன். வேலை முடிக்காதவர்கள் எல்லோரும் சொல்கிற பொய்யைப் போலவே இருந்தது. அழித்தேன். என் கணவர் என்று தொடங்கி எழுதினேன். அதையும் அழித்தேன். அந்தப் பதினொரு பெண்களில் ஒருத்தி, முந்திரிக் கொட்டையின் தோட்டுப் பால் பட்டு வெந்த விரலைப் பற்றிச் சொல்லிவிட்டு, "அதையெல்லாம் பாத்தா ஆகுமா" என்று சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பை எழுத்தில் எப்படிக் காட்டுவது என்று அரை நாள் மண்டையை உடைத்திருந்தேன். அது போய்விட்டது, திரும்ப வராது என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதேன்.

பத்தேகாலுக்குத் தம்பி கூப்பிட்டான். நான் வேலையைப் பற்றிப் பேசவில்லை. "ஒன் மச்சான்தான் மாத்தியிருக்காரு" என்றேன்.

"மச்சானா? அவருக்கு அதெல்லாம் தெரியாதுக்கா."

"தெரியும். நான் பாத்தேன். எனக்கு ஃபைல் கெடைக்காட்டியும் பரவாயில்ல, இது அவர் செஞ்சதுதான்னு தெரிஞ்சாப் போதும். பாக்க முடியுமா?"

இதை நான் சொன்னேன் என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. பதினொரு நாள் உழைப்பு போனாலும் சரி, அவர் மேல் குற்றம் ருசுவாக வேண்டும் என்கிற இடத்துக்கு ஒரு காலைப் பொழுதுக்குள் வந்து சேர்ந்திருந்தேன்.

 "கடைசியா எந்தத் தேதியில பாஸ்வேர்டு மாத்துனதுன்னு உள்ள பதிவாகியிருக்கும். பாக்கலாம்" என்றான். அதற்கு வேறு வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். கணினியை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரத்துக்குத் தூக்கி வரச் சொன்னான். வந்தேன்.

"இப்ப ஆன் பண்ணு. ஆன் பண்ண ஒடனே ஷிஃப்ட் கீய அமுக்கிப் பிடிச்சுக்க. கறுப்பா ஒரு மெனு வரும். அது வந்தாச் சொல்லு."

ஆன் செய்தேன். ஒரு கையில் போன், இன்னொரு கையில் தண்ணீர்ச் சொம்பு. குடிக்கலாம் என்று எடுத்திருந்தேன். சொம்பை எங்கே வைப்பது என்று பார்ப்பதற்குள் திரை கறுத்தது, நாலைந்து வரி ஆங்கிலம் வந்து நின்றது.

"வந்துருச்சு."

"அதுக்குள்ளயா? ஷிஃப்ட அமுக்குனியா?"

"எங்க அமுக்குனேன்? கையில சொம்பு வச்சிருக்கேன்."

"அமுக்காம அது வராதுக்கா."

"காலையிலயும் இப்பிடித்தான் வந்துச்சு. அப்பயும் நான் ஒண்ணையும் அமுக்கல."

 

"அக்கா," என்றான் மெதுவாக, "கீபோர்டுல ரெண்டு பக்கமும் ஷிஃப்ட் இருக்கும்ல. ரெண்டையும் தொட்டுப் பாரு. ஏதாச்சும் ஒண்ணு உள்ள போயி மாட்டிக்கிட்டு இருக்கா?"

சொம்பைக் கீழே வைத்தேன். வலது பக்கத்துக் கட்டையை அமுக்கினேன், இறங்கி மேலே வந்தது. இடது பக்கத்தை அமுக்கினேன். அசையவில்லை. மற்ற கட்டைகளைவிட ஒரு நூல் அளவு தாழ்ந்து அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தேன். அதன் ஓரத்து இடுக்கில் மெல்லிய மஞ்சள் கோடு. காய்ந்த சந்தனம்.

நான் நாற்பது ஐம்பது பேருக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவள். இடது சுண்டுவிரலால் ஷிஃப்டை அமுக்கி விடுங்கள், விடாமல் பிடித்தால் எல்லாம் பெரிய எழுத்தாகிவிடும் என்று தினமும் கத்தியவள். அன்று காலையிலிருந்து நான் அடித்த ஒவ்வொரு சின்ன எழுத்தும் பெரிய எழுத்தாகவும், ஒவ்வோர் எண்ணும் அதன் தலைக்கு மேல் இருக்கிற குறியாகவும் போயிருக்கிறது. புள்ளி மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிதான் விழும். கடவுச்சொல்லை யாரும் மாற்றவில்லை. பன்னீர் விட்டுத் தண்ணியாகக் குழைத்து, மூலைக்கு மூலை நானே அப்பியது இரவோடு இரவாகக் கட்டைக்கு அடியில் இறங்கி இறுகியிருந்தது.

"அக்கா? இருக்கியா?" என்றான் தம்பி.

"இருக்கேன்டா. அப்பறம் பேசுறேன்," என்று வைத்துவிட்டேன்.

மணி பத்தே முக்கால். கட்டையை நெம்ப மெல்லியதாக ஏதாவது வேண்டும். கொண்டை ஊசி வளைந்தது. சாமிக்கு முன்னால் அவருடைய சின்ன டெஸ்டர் மட்டும் இன்னும் எடுக்காமல் கிடந்தது, கைப்பிடியில் குங்குமத்தோடு. கோபத்தில் கிளம்பியவர் அதை மறந்து போயிருந்தார். அதன் முனையை இடுக்கில் விட்டு, உடைந்துவிடாமல், ஓரம் ஓரமாக நெம்பினேன். கட்டை தனியாகக் கழன்று வந்தது. அடியில் சந்தனம் பொருக்குத் தட்டியிருந்தது. பல் துலக்கும் பிரஷால் சுரண்டி, துணியால் ஒற்றி எடுத்தேன். பூசை மணம் வந்தது. எனக்கு அந்த மணம் ஆகாமல் போனது அன்றிலிருந்துதான். கட்டையைத் திரும்ப வைத்து அழுத்தினேன், இறங்கி மேலே வந்தது.

பத்து நிமிடம் கடிகாரம் பார்த்துக் காத்திருந்தேன், பூட்டு விலகட்டும் என்று. பிறகு கணினியை அணைத்து மறுபடி இயக்கினேன். கறுப்புத் திரை நிற்காமல் போயிற்று. பாவக்காய், நாலு எண். திறந்தது. பதினொரு பெண்களும் அப்படியே இருந்தார்கள். போனிலிருந்து நெட் கொடுத்து, ஜன்னல் கட்டையில் கணினியை வைத்து, ஒவ்வொன்றாக ஏற்றினேன். கடைசிக் கோப்பு போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று ஐம்பத்து மூன்று. பன்னிரண்டே காலுக்கு அந்த அம்மா நன்றி என்று எழுதியிருந்தார். அடுத்த தொகுப்பு திங்கட்கிழமை வரும் என்றும் எழுதியிருந்தார். இந்தச் செய்திக்காகத்தான் காலையிலிருந்து செத்துக்கொண்டிருந்தேன். படித்தேன், மூடி வைத்தேன். ஒரு சந்தோஷமும் வரவில்லை. 'களவாணி' என்ற வார்த்தை மட்டும் காதுக்குள் இருந்தது, என் குரலிலேயே.

அவரைப் போனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், கிணற்றில் மோட்டார் இறக்கிக்கொண்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி கூப்பிடப் பயமாக இருந்தது. சேப்பங்கிழங்கு வறுத்தேன். அவருக்கு அது இருந்தால் சோறு இரண்டு மடங்கு இறங்கும்.

மூன்று மணிக்கு வந்தார். கை கால் கழுவி வந்து உட்கார்ந்தார். சோறு போட்டேன். சாப்பிட்டார். சேப்பங்கிழங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"தொறந்துருச்சு," என்றேன்.

"நெனப்பு வந்துருச்சா?"

நான் மறந்துபோய்த்தான் கத்தினேன் என்று நாள் முழுக்க நினைத்திருக்கிறார். எனக்கு அதைவிட அசிங்கமாக ஒன்றும் இருந்திருக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம் உள்ளே இறங்கியது, ஷிஃப்ட் மாட்டிக்கொண்டது, அவருடைய டெஸ்டரால் நெம்பியது, எல்லாம். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"நேத்தே பாத்தேன்," என்றார். "இடதுகை மூலையில வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. உள்ள போயிருமேன்னு துண்டு முனையால ஒத்தி எடுத்தேன். மேல இருந்தது வந்துருச்சு, உள்ள போனது தெரியல."

"அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"பூசையில வச்சத ஏன் தொட்டீங்கன்னு கத்துவ. நல்ல நாள்ல எதுக்குன்னு விட்டுட்டேன்."

கத்தியிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் பொய் சொன்னது எனக்குப் பயந்துதான். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்ததும் நான்தான்.

"தெரியாமச் சொல்லிட்டேன்," என்றேன். "மனசுல வச்சுக்காதீங்க."

"சரி, விடு," என்றார். மோர் கேட்டார், ஊற்றினேன்.

அன்று மாலை தம்பி மறுபடி கூப்பிட்டான். காலையில் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒப்பித்திருக்கிறாய், கடவுச்சொல்லை மாற்றிவிடு என்றான். இப்போது உள்ளே இருந்துகொண்டே மாற்றுவதால் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாதாம். அவன் சொல்லச் சொல்ல மாற்றினேன். அந்த நீளமான கோடு நம்பரையும் கேட்டு வாங்கி, இந்தத் தடவை ஒரு தாளில் எழுதி, குடும்ப அட்டை இருக்கிற பைக்குள் வைத்தேன். புதுக் கடவுச்சொல்லுக்கு என்ன வைக்கிறது என்று நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. சேப்பங்கிழங்கு. அதோடு எங்கள் கல்யாணத் தேதி.

அவர் ஷெட்டில் ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். டெஸ்டரைக் கொடுக்கப் போகிற சாக்கில் போனேன். குங்குமத்தைத் துடைத்துச் சுத்தமாகக் கொண்டுபோயிருந்தேன். சொன்னதும் சிரிப்பார், காலையில் நடந்தது பாதியாவது கரைந்துபோகும் என்று ஒரு நம்பிக்கை.

"பாஸ்வேர்ட மாத்திட்டேங்க," என்றேன். "என்னன்னு சொல்றேன், கேளுங்க."

அவர் டெஸ்டரை வாங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை, நட்டைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"வேணாம், சொல்லாத. தெரிஞ்சாத்தான களவாணி ஆவேன்."

நான் உள்ளே வந்துவிட்டேன்.

வேலை இன்றும் நடக்கிறது. இந்த வருடச் சரஸ்வதி பூசைக்கு அவர் சாமான்களை வரிசையாக வைத்துவிட்டு, ஓரத்தில் கணினிக்கு அளவாக இடம் விட்டிருந்தார். "நீயே கொண்டாந்து வச்சுரு," என்றார். மூடியபடியே வைத்தேன், மேலே ஒரு காகிதம் போட்டு, காகிதத்தின் மேல் பொட்டு. மற்ற நாட்களில் கூடத்து மேசையில் அது அவர் தட்டுக்கு இடைஞ்சலாக இருந்தால்கூட நகர்த்தி வைக்க மாட்டார். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, "இங்கிட்டு வா, இத எடு" என்று என்னைக் கூப்பிடுவார். நான் வந்து எடுத்து வைப்பேன். அவர் உட்கார்ந்து சாப்பிடுவார். தினமும் காலையில் சேப்பங்கிழங்கு என்று அடித்துத்தான் நான் வேலையைத் தொடங்குகிறேன். அவருக்கு அது தெரியாது.